கார் நிறுத்தும் சிமெண்டு தரைக்குக் குறைந்த செலவில் நாமே எபோக்சி சாயம் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் முன்னூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் உங்களுடையதும் எங்களைப் போலப் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாகத்தான் இருக்கும். அப்படியானால் சாய டின் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். நான் ஒருமுறை அடித்து, உரித்து, மறுபடியும் அடித்தவன்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்யச் சொன்னபோது சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவுவிலை வீடு இது. வாசலில் கார் நிறுத்தும் போர்ச் பத்துக்கு இருபது அடி. சிமெண்டு பொடிப்பொடியாக உதிரும். காலையில் கூட்டினால் சாயங்காலம் மறுபடி ஒரு கை தூசி இருக்கும். அந்தத் தீபாவளிக்குத் தம்பி குடும்பம் வருகிறதென்று, மூன்று வாரம் இருக்கும்போது எபோக்சி அடிக்க முடிவு செய்தேன்.

ஹார்ட்வேர் கடைத் தவுக்கேவிடம் (முதலாளியிடம்) கேட்டேன். "போலே, போலே (முடியும், முடியும்), சுலபம்" என்று ஐந்து லிட்டர் செட்டை எடுத்து வைத்தார். நாலு லிட்டர் சாயம், அதோடு கலந்து இறுக வைக்க ஒரு லிட்டர் ஹார்டனர். அவர் மேல் குறை சொல்லவில்லை. என்ன தரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயம் தரையில் பிடிக்க, யூடியூபில் பார்த்தபடி ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். (ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. இது தெரியாவிட்டால் ஆசிட் பக்கமே போகாதீர்கள்.) நுரை வந்தது, திருப்தியாக இருந்தது. ஆனால் மோட்டார் சைக்கிள் நிற்கும் மூலையில் மட்டும் நுரையே இல்லை. வருடக்கணக்காகச் சொட்டிய கறுப்பெண்ணெய் (எஞ்சின் எண்ணெய்) அங்கே ஊறியிருந்தது. எண்ணெயை ஆசிட் எடுக்காது, முதலில் கிரீஸ் போக்கும் சோப்பு போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். அது அப்போது தெரியாது. ஒரு நாள் காயவிட்டேன். அக்டோபர் மாதம், தினமும் சாயங்காலம் மழை. அடுத்த நாள் அடித்துவிட்டேன்.

சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். தீபாவளிவரை தாக்குப்பிடித்தது.

தம்பி காலை பதினொன்றுக்கு வந்தான், மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினான். இதற்கும் எபோக்சிக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முன்பெல்லாம் தீபாவளி என்றால் லயமே இரண்டு நாள் தூங்காது. இப்போது கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் காடியை (காரை) விட்டு இறங்கும்போதே கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அம்மா முறுக்கு டின்னைக் கட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். தம்பி காடியைப் பின்னால் எடுத்தான். டயர் நின்ற நாலு இடத்திலும் சாயம் டயரோடு போய்விட்டது! நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறி வந்த டயர். சரியாகப் பிடிக்காத சாயத்தை அது இளக்கி, ஒட்டிக்கொண்டு, இழுத்துவிடும். "அடுத்த வருஷம் டைல் போட்டுருங்க அண்ணே" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை.

நவம்பரில் கொப்புளம். வாசல் பக்கம் ஐம்பது காசு அகலத்துக்கு ஒன்றை விரலால் அழுத்தினேன், உடைந்து தண்ணீர் வந்தது. மேலிருந்து போன தண்ணீர் இல்லை, அடியிலிருந்து ஏறியது. ஒரு மூலையைக் கொத்திப் பார்த்தேன். சிமெண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது, நேரே மண். ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும். வெறும் சிமெண்டாக இருந்தவரை ஆவியாகிப் போனது, நான் மூடி போட்டதும் மூடியைத் தள்ளிவிட்டது.

ஆகவே முதல் வேலை இதுதான். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை வெறும் தரையில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அங்கே அடிக்காதீர்கள். மூன்று நாலு இடத்தில் பாருங்கள். செலவு இரண்டு வெள்ளிகூட ஆகாது.

இரண்டாவது தடவை பிப்ரவரி வரை காத்திருந்தேன். கூரைத் தண்ணீர்க் குழாய் போர்ச் ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அதைச் சாக்கடைக்குத் திருப்பினேன். சாயத்தில் மிச்சம் பிடிப்பதைவிட, டைமண்ட் சக்கரம் போட்ட கிரைண்டரை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதில் காசைப் போடுங்கள். ஆசிட்டைவிட அது மேல். தூசிக்கு நல்ல மாஸ்க் கட்டாயம், அந்தச் சிமெண்டுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தேய்த்த தரையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இழுக்க வேண்டும். பிறகு நன்றாகக் காயவிட்டு, முதலில் பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லிசாக இரண்டு கோட். மறுநாள் நடக்கலாம், காடிக்கு ஒரு வாரம். நான் பத்து நாள் ரோட்டிலேயே நிறுத்தினேன், செம்பனை லோரிகள் கிளப்பும் தூசியை எல்லாம் அது வாங்கிக்கொண்டது.

மூன்று வருடம் ஆகிறது, டயர் இடத்தில்கூட உரியவில்லை. "அதற்கு டைலே போட்டிருக்கலாமே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: டைல் போட எனக்குச் சொன்ன கூலியில் இந்தத் தரையை நாலு தடவை அடிக்கலாம். நான் காண்ட்ராக்டர் இல்லை, பேரங்காடி கார் நிறுத்துமிடத்துக்கு யோசனை சொல்லவும் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் போர்ச் முழுவதும் அடிக்கவில்லை. வாசல் பக்கத்து ஆறடி, குழாயைத் திருப்பியும் பிளாஸ்டிக் தாளில் தேறவில்லை. அதை வெறும் சிமெண்டாகவே விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் அதில் குறையில்லை. வழவழ எபோக்சியில் மாவு நிற்காமல் காற்றுக்குப் பறக்கிறதாம், அம்மா கோலம் போடுவது அந்த ஆறடியில்தான்.