கோத்தகிரியிலிருந்து ஓர் அண்ணன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கோத்தகிரி பக்கம். என் தங்கைக்கு வயது 19. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு லூபஸ் என்ற நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கோவையில் சிகிச்சை. ரத்தம், சிறுநீர் எல்லாம் இப்போது நன்றாக இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். இவளோ கல்லூரிக்குப் போவதில்லை, இரவில் தூங்குவதில்லை. லேசாகத் தலை வலித்தாலும் நோய் மூளைக்குப் போய்விட்டதோ என்று பதறுகிறாள். முகம் வீங்கியதிலிருந்து அலைபேசியில் இருந்த தன் படங்களை எல்லாம் அழித்துவிட்டாள். அம்மா சோம்பல் என்கிறார். அப்பா, மாத்திரைதான் காரணம், நிறுத்து என்கிறார். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், நாளை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வதில் பாதி சரி. லூபஸுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், பதற்றத்தைக் கூட்டும், முகத்தை உப்பவைக்கும். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் மனத்தை அலைக்கழிப்பது அதிகம். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும், அதுவரை வேலையில்லாமல் கிடந்த அட்ரினல் சுரப்பி உடனே எழுந்து வராது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதானால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அம்மா சொல்வதில் பாதிகூடச் சரியில்லை. லூபஸின் அசதி தூங்கி எழுந்தாலும் தீராது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் இது. மூளையும் நரம்பும் அதற்கு விலக்கல்ல. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 1999இல் வகுத்த பட்டியலில், நரம்பையும் மனத்தையும் சார்ந்த 19 வகைப் பாதிப்புகள் உள்ளன. மனநிலைக் கோளாறும் பதற்றக் கோளாறும் அதில் அடக்கம். நோய், மருந்து, பத்தொன்பது வயதில் தோழிகளெல்லாம் கல்லூரிக்குப் போக வீட்டில் கிடக்கும் துயரம் – எது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதாலேயே மனமும் நன்றாக இருக்கும் என்றில்லை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது அந்தக் கோவை மருத்துவரிடம்தான். சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மூட்டுவலி எப்படி என்று அவர் கேட்பார், பரவாயில்லை என்று இவள் சொல்வாள், அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். தூக்கம், அழுகை, பயம், மாத்திரை அளவு மாறிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். மனநல மருத்துவரிடம் போகும்போது லூபஸ் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சில மனச்சோர்வு மருந்துகளும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீர் பாதிக்கப்படலாம். அவர் பார்த்துப் பொருத்தமானதைத் தருவார்.

திடீரென்று பேச்சு குழம்பினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, வலிப்பு வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, இதை நீங்களே செய்யுங்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று தங்கையிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வெயிலின் புற ஊதாக் கதிர் லூபஸைத் தூண்டிவிடும். குளிர் ஊரில் வெயில் என்ன செய்யும் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். மெல்லிய மேகம் அதை அவ்வளவாகத் தடுக்காது. கோத்தகிரியோ ஏறக்குறைய 1,800 மீட்டர். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், ஆனால் அதற்காக அவளை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டாம். குல்லாவும் மஃப்ளருமாகப் போகிறவரை நம் மலையில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? மாலை வெயில் தாழ்ந்தபின் உங்களோடு கடைவீதி வரை வரட்டும். வழியில் யாராவது "நன்றாகப் பூசியிருக்கிறாயே" என்று ஆரம்பித்தால் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து யாரும் கடிதம் போட மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அடுத்த முறை கோவைக்கு அவரும் வரட்டும். மாத்திரையைப் பற்றிய கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.