வெறும் டொமைனுக்கு சிநேம் போட்டதும் மெயில் ஏன் நின்றது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் தளத்தை வேறொரு வெப்சைட் பில்டருக்கு மாற்றினோம். அவர்கள் கொடுத்த சிநேம் ரெக்கார்டை, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயரிடம் அனுப்பும் பதிவைச் சேர்த்ததும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் தளம் வந்தது, போடாவிட்டால் வரவில்லை. வேலை செய்து கொடுத்தவர் @ என்ற இடத்திலும், அதாவது முன்னால் எதுவும் இல்லாத வெறும் டொமைனுக்கும், அதே சிநேமைப் போட்டார். இப்போது தளம் வருகிறது, ஆனால் சிலர் அனுப்பும் மெயில் மட்டும் வருவதில்லை. 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார். பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். இது பொறுத்தால் சரியாகிற கோளாறு இல்லை. @-இல் உள்ள சிநேமை இன்றே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பில்டர் நிறுவனம் தரும் ஐபி எண்ணை (சர்வரின் எண் முகவரி) ஏ ரெக்கார்டாகப் போடுங்கள்; பெயருக்கு நேராக எண்ணைக் காட்டும் பதிவு அது. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-வுக்கான சிநேம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு பெயருக்கு சிநேம் வைத்தால், "இந்தப் பெயரைப் பற்றி எதைக் கேட்பதானாலும் அந்தப் பெயரிடம் போய்க் கேள்" என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டீர்கள். தளத்துக்கு மட்டும், மெயிலுக்கு இல்லை என்று பிரிக்க வழி கிடையாது. எனவே உங்களுக்கு மெயில் அனுப்பும் சர்வரும் பில்டரிடம் போய் நிற்கும். அங்கே மெயில் வாங்க ஆள் இல்லை. சில நாள் முயன்றுவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். சிலருக்கு மட்டும் ஏன்? அனுப்புகிறவர் பக்கத்து டிஎன்எஸ் சர்வர் (டொமைனின் பதிவுகளைத் தேடிக் கொடுப்பது) உங்கள் சிநேமை ஏற்கெனவே நினைவில் வைத்திருந்தால் மெயில் தவறான இடத்துக்குப் போகும். இல்லையென்றால் மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைக் கண்டுபிடித்துச் சரியாக வந்துவிடும்.

சிநேம் உள்ள பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது என்பது 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இருக்கிறது. வெறும் டொமைனில் என்எஸ் (பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர்கள் எவை என்று சொல்வது), எஸ்ஓஏ (டொமைனின் அடிப்படை நிர்வாக விவரம்) என்ற ரெக்கார்டுகள் இரண்டும் இருந்தே ஆகவேண்டும். ஆக அங்கே சிநேமுக்கு இடமே இல்லை. இதைப் பார்த்ததும் மறுக்கிற மென்பொருள்கள் உண்டு. ஆனால் சில கன்ட்ரோல் பேனல்கள் பச்சை நிறத்தில் "சேமிக்கப்பட்டது" என்கின்றன. இத்தனை வருடத்தில் இதைச் சரிபார்க்க நாலு வரி எழுத இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சில டிஎன்எஸ் நிறுவனங்கள் ஏலியாஸ், ஏநேம், ஃபிளாட்டனிங் என்று ஏதோ ஒரு பெயரில் மாற்று வழி தருகின்றன. அவர்களே ஐபி எண்ணைத் தேடி எடுத்துப் பதிலாகக் கொடுப்பார்கள். உங்கள் பேனலில் இருந்தால் ஏ ரெக்கார்டுக்குப் பதிலாக அதையே பயன்படுத்துங்கள்; பில்டர் ஐபி மாற்றினாலும் கவலை இல்லை.

சிநேம் என்றாலே ஆபத்து என்று எல்லாவற்றையும் அழிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பெயர்க் கட்டத்தில் அடிக்கோடும் 'டொமைன்கீ' என்ற சொல்லும் இருக்கிற சிநேமைத் தொடவே கூடாது. அது உங்கள் மெயில் நிறுவனம் கொடுத்தது, மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனுடையது என்று காட்டும் டிகிம் கையொப்பத்துக்கானது. அது தனிப் பெயர், அந்தப் பெயரில் வேறு ரெக்கார்டு எதுவும் இல்லை, அதனால் விதிமீறலும் இல்லை. மெயில் நிறுவனம் கையொப்பச் சாவியை மாற்றும்போது நீங்கள் எதையும் தொடவேண்டியதில்லை என்பதற்காகவே அப்படித் தருகிறார்கள். அதை அழித்தால் நீங்கள் அனுப்பும் மெயில்கள் ஸ்பாமுக்குப் போகத் தொடங்கும். புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்றால் டொமைன்கீ வரைக்கும் மட்டும் போடுங்கள். பல பேனல்கள் உங்கள் டொமைனைத் தாமே பின்னால் ஒட்டிக்கொள்ளும், முழுதும் போட்டால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும்.

அப்புறம், அந்த வேலை செய்து கொடுத்தவர். டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா, பேனல் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டொமைனைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, பிரியும்போது பேரம் பேசுகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். "நேம்சர்வரை எங்களுக்கு மாற்றுங்கள், எல்லாம் சரியாகும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். நேம்சர்வர் மாறினால் பழைய எம்எக்ஸ், டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் தாமாகக் கூடவே வராது. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டும். நிறுத்திவிட்ட சேவைகளைக் காட்டும் பழைய சிநேம்களையும் இப்படி வேலை செய்து கொடுப்பவர்கள் அழிப்பதில்லை. அந்தச் சேவையில் அதே பெயரை வேறொருவர் பிடித்துக்கொண்டால், உங்கள் டொமைனில் அவருடைய பக்கம் தெரியும்.

48 மணி நேரக் கணக்கும் சாக்குதான். பழைய பதில் எவ்வளவு நேரம் நினைவில் நிற்கும் என்பது அந்த ரெக்கார்டின் டிடிஎல் எண்ணைப் பொறுத்தது. 3600 என்றிருந்தால் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் போனதும் வெளி மெயில் முகவரியிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள். மெயில் திரும்பியவர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். திரும்பிப் போனது தானாக வராது.