டிஸ்க் கால்ஃபில் நேராகப் பறக்கும் பட்டர் எது?

டிஸ்க் கால்ஃபில் (பந்துக்குப் பதில் தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) வலது கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினால் பட்டர் (வெண்ணெய் இல்லை, கூடைக்குக் கிட்டே வீசும் டிஸ்க்) கடைசியில் இடப்பக்கம் சாய்கிறது, நேராகப் பறப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஸ்க் எப்படிப் பறக்கும் என்று காட்டத் தரும் நான்கு எண்களில் கடைசி இரண்டைப் பாருங்கள். மூன்றாவது, வேகமாகப் பறக்கும்போது வலப்பக்கம் திரும்பும் அளவு. நான்காவது, முடிவில் வரும் இடப்பக்கச் சாய்வு. இரண்டும் 0-வை ஒட்டி இருந்தால் நேராகப் போகும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டருக்கு 2, 3, 0, 1. அதுவே போதும்.

ஆனால் புதிது வாங்கும் முன் கையைக் கவனியுங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். விடும்போது வெளி விளிம்பு (உடம்புக்கு அப்பால் இருப்பது) தாழ்ந்திருந்தால் நேராகப் போகும் டிஸ்கும் இடப்பக்கம்தான் போகும். மட்டமாகப் பிடித்து, ஒரே கோட்டில் இழுத்து விடுங்கள். பலத்தைவிடச் சுழற்சி முக்கியம். அது குறைந்தால் சாய்வு சீக்கிரமே வந்துவிடும்.

அப்புறம், மலிவான பிளாஸ்டிக்கில் செய்த டிஸ்க் அடிபட அடிபட இடச்சாய்வு குறையும். என் பழைய பட்டரை அதனால்தான் தூக்கிப் போடவில்லை.