வேப்பமரத்துச் சாம்பல் திட்டுகளைச் சுரண்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி வேப்பமரத்தின் அடிமரத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த திட்டுகள் இருக்கின்றன. “மரத்துக்குச் சொறி பிடிச்சிருக்கு, சுரண்டிட்டுச் சுண்ணாம்பு அடிக்கணும்” என்கிறார் வாட்ச்மேன் தாத்தா. அது நோயா? இதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்யலாமா?

பதில்: முதலில் தாத்தாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அது லைக்கன். சோதிப்பது சுலபம். காய்ந்த திட்டு ஒன்றின் மேல் தண்ணீர் தெளித்துப் பார். சற்று நேரத்தில் சாம்பல் நிறம் மங்கிப் பச்சை தூக்கலாகத் தெரிந்தால் லைக்கன்தான். பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்து, தொட்டால் விரலில் பிசுபிசுத்தால் அது மாவுப்பூச்சி.

அந்தப் பச்சை, உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம். லைக்கன் தனி உயிர் அல்ல. பூஞ்சை இழைகளுக்கு நடுவே பாசியோ, பாசி போலவே வெயிலில் உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியோ சேர்ந்து வாழும் கூட்டு. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பூஞ்சைக்கும் தருகிறது. பூஞ்சை பாசியைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. 1860களில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்கவே இல்லை!

லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. பட்டை அதற்கு உட்கார இடம், அவ்வளவே. சுரண்டினால் காயப்படுவது பட்டைதான். வேம்பின் கிளை நுனிகள் கருகிக் காய்ந்தால் மட்டும் கவலைப்படு. அதற்குத் தேயிலைக் கொசு என்ற பூச்சியோ வேறொரு பூஞ்சையோ காரணமாக இருக்கலாம்.

வேர் இல்லாததால் மழை, பனி, தூசி எதுவானாலும் லைக்கன் உடம்பு முழுவதாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. நிலக்கரி, எண்ணெய் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு பல வகைகளைக் கொன்றுவிடும். பாரிஸ் பூங்கா ஒன்றில் லைக்கன் வகைகளை ஆராய்ந்த வில்லியம் நைலாண்டர், அவை காற்றின் தூய்மையைக் காட்டும் என்று 1866-லேயே எழுதினார். மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் அனல் மின் நிலையங்களும் கண்டெய்னர் லாரிகளும் உள்ள நம் பகுதியில் இதைவிட நல்ல புராஜெக்ட் ஏது?

ஒளி ஊடுருவும் தாளில் 10 செ.மீ. சதுரம் வரைந்து நூறு கட்டங்களாகப் பிரி. அதை நெஞ்சு உயரத்தில் மரத்தோடு ஒட்டிப் பிடித்து, லைக்கன் உள்ள கட்டங்களை எண்ணு. பெரிய சாலையோர மரங்களிலும் உள்தெரு மரங்களிலும் இப்படிச் செய். வேம்பை வேம்போடுதான் ஒப்பிட வேண்டும். வாதாம் மரத்தின் பட்டையே வேறு. வெயில், கடல் உப்புக்காற்று, மரத்தின் வயது எல்லாம் கணக்கை மாற்றும் என்பதால், எண்ணிக்கை குறைந்த இடத்தில் “ஆலைதான் காரணம்” என்று சார்ட்டில் எழுதிவிடாதே. ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய்.

லைக்கன் செய்யும் வேலைகளுக்கும் சார்ட்டில் இடம் விடு. அமிலம் சுரந்து பாறையை மெல்ல மெல்ல மண்ணாக்கும். சயனோபாக்டீரியா உள்ள வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். துருவப் பகுதிக் கலைமான்களுக்குப் பனிக்காலத்தில் அதுதான் முக்கியத் தீனி.

மேசையில் வைக்க மாதிரி வேண்டுமா? மளிகைக் கடையில் கல்பாசி கேள். பிரியாணியில் போடும் அதுவும் லைக்கன்தான். பள்ளி மரத்தில் இருப்பதைப் பிய்த்து வாயில் வைக்காதே. சாலைப் புகையும் தூசியும் கொண்டுவந்த ஈயம் அதில் சேர்ந்திருக்கலாம்.