பார்வையற்றோருக்குத் தனிப் பக்கம் தேவையா?

கேள்வி: சுங்குடிச் சேலை விற்க ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். பார்வையற்றவர்களுக்காகப் படமே இல்லாமல், எழுத்து மட்டும் உள்ள தனிப் பக்கம் போடலாம் என்கிறான் என் மகன். போடலாமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. தனிப் பக்கம் முதல் மாதம் ஒழுங்காக இருக்கும். அப்புறம் தீபாவளிக்கு விலை மாறும். பெரிய பக்கத்தில் மட்டும் மாற்றுவீர்கள். தனிப் பக்கத்தைப் படிக்கும் நான் பழைய விலைக்குக் கேட்டு உங்களோடு மல்லுக்கு நிற்பேன். இருக்கும் பக்கத்தையே சீராக்குங்கள், போதும்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள்தான் கணினித் திரையில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கியது, இலவசம். விலைப்பட்டியலைப் போஸ்டராக ஏற்றினால் அது பேசாமல் தாண்டிவிடும், அல்லது கோப்பின் பெயரை எண் எண்ணாக ஒப்பிக்கும். விலையை எழுத்தாகவே போடுங்கள்.

அதற்காகப் படங்களை எடுத்துவிடாதீர்கள். சேலைக் கடையில் படம் இல்லாமல் எப்படி? ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை எழுதுங்கள்; அதாவது, படத்தில் இருப்பதைச் சொல்லி, படத்தோடு நிரலில் சேர்க்கும் ஒரு வரி. 'சேலை படம்' என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. 'அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை, உடலெங்கும் பொடி வெள்ளைப் புள்ளி' என்றால் என் மனைவிக்கு எடுக்கலாமா என்று யோசிப்பேன். (அரக்கு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது வேறு கதை.)

தலைப்பை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்கினால் என் காதுக்குத் தெரியாது. நிரலில் தலைப்பு என்றே குறிக்க வேண்டும். அப்போதுதான் 'எச்' விசையைத் தட்டி, பருத்தியிலிருந்து பட்டுக்கு ஒரே தாவாகத் தாவ முடியும். ஆர்டர் படிவத்திலும் அப்படித்தான்: நிரப்பும் பெட்டியோடு அதன் பெயரை நிரலில் இணைக்காவிட்டால் 'எடிட், எடிட்' என்றுதான் கேட்கும். எது முகவரி, எது பின்கோடு?

பழைய பக்கம் ஏதாவது பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு) இருந்தால், இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதில் உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது, எழுத்தெழுத்தாகக் கேட்டால் எனக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்'.

சரி, மகனுக்கு ஒரு வேலை. என்விடிஏவை நிறுவி, மானிட்டரை அணைத்து, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கடையிலேயே ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் இடம் வரை போகட்டும். எங்கே மாட்டிக்கொள்கிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்.