சர்க்கரை நோய் உள்ளவர் மிட்டாய் சாப்பிட்டால் தடுக்க வேண்டுமா?

"சர்க்கரை நோய் உள்ள சித்தப்பா சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கிறார், கேட்டால் எரிந்து விழுகிறார், எங்களை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. என் பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும்.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனாலோ வழக்கத்தைவிட அதிகம் நடந்தாலோ ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். 'லோ சுகர்' என்பது இதைத்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது எனக்கு வந்தது: கை நடுக்கம், சட்டை நனைகிற வியர்வை, எதிரில் பேசுகிறவர் மேல் காரணமில்லாத கோபம். (சித்தப்பாவின் எரிச்சலும் சில சமயம் இதனால் இருக்கலாம்.) பொட்டலத்தை வேறு மறந்துவிட்டேன். வரவேற்புத் தட்டிலிருந்து ஒரு கை கற்கண்டை அள்ளினேன். "உனக்குத்தான் சுகராச்சே!" என்று ஒரு மாமா கையைப் பிடித்துவிட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்தான எண்ணம்.

அந்த நேரத்தில் சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. லட்டு, சாக்லேட் சரிப்படாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அப்புறம் அதே மாமா, சாப்பிட்டு முடித்ததும், "கருப்பட்டி காபிதான், ஒன்றும் செய்யாது" என்று ஒரு டம்ளரை நீட்டினார். கருப்பட்டியும் சர்க்கரைதான், மாமா.