மகள் ஹேக்கர் ஆகிவிடுவாளோ என்று கேட்ட அம்மாவுக்கு

பள்ளி இணையதளத்தின் மதிப்பெண் பக்கத்தில், இணைய முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை உங்கள் மகள் சும்மா மாற்றிப் பார்த்தாள். வேறொரு பிள்ளையின் மதிப்பெண் வந்து நின்றது. ஆசிரியருக்கு எழுதித் தெரிவித்தாள். பதிலுக்கு வீட்டுக்குக் கண்டிப்புக் கடிதம் வந்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை.

'பயப்படாதீர்கள்' என்றுதான் முதலில் எழுதினேன், அப்புறம் அழித்துவிட்டேன். அவள் ஒன்றோடு நிறுத்தாமல் பதினொரு பேருடையதைத் திறந்திருக்கிறாள். ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஒன்றே போதும். மீதிப் பத்தும் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்த கணக்கு. இதை நானே அவளிடம் பேசுகிறேன், நீங்கள் சொன்னால் சண்டையாகும்.

சரி, உறவுக்காரர்களுக்கு வருவோம். அவளுடைய பெரியப்பா, 'போலீஸ் வரும், கணினியைப் பிடுங்கி வை' என்கிறார். உங்கள் தம்பியோ 'ஆறே மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர்' (அனுமதி வாங்கி ஓட்டை தேடுபவர்) சான்றிதழுக்குக் கடன் வாங்கச் சொல்கிறார். ஒருவருக்குத் திருடன் தெரிகிறான், மற்றவருக்குச் சம்பளம் தெரிகிறது. ஆனால் 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களின் மாதிரி ரயில் சங்கத்தில் 'ஹேக்' என்றால் சாமர்த்தியமாகச் செய்த வேலை, அவ்வளவுதான்.

கடன் கூடவே கூடாது. பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளி மாணவர்களை மனதில் வைத்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற கணினிப் பாதுகாப்புப் போட்டி இருக்கிறது. உடைத்துப் பழகவென்றே ஓட்டைகளோடு செய்து வைத்த ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப் என்ற போலி இணையக் கடை இருக்கிறது. இரண்டிலும் பயிற்சிக்கென்று கொடுத்ததை உடைப்பது அனுமதியோடுதான்.

பட்டப்படிப்பு விவரமெல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள். யாரும் சொல்லாத ஒரு வேலையைச் சொல்கிறேன்: ஓட்டை பற்றி வரும் அறிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கும் வேலை. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் பரப்பிய, கணினிக்குக் கணினி தானாகவே தாவும் 'புழு' நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. (நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், பிற்பாடு எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்!) அந்தக் குழப்பத்தை அடுத்து கார்னகி மெலனில், கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது. ஓட்டையைக் கண்டவர் அனுப்பும் அறிக்கையை இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் வாங்குவார், தானும் செய்து பார்த்து உண்மையா என்று உறுதிப்படுத்துவார். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் ஆபத்தை மதிப்பிட்டு, சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ள பொது அடையாள எண்) பெற்றுத் தருவார். 'எங்கள் மென்பொருளில் குறையே கிடையாது' என்று முறைக்கும் நிறுவனத்துக்குப் பொறுமையாகப் புரியவைப்பார். எப்போது வெளியே சொல்வது என்பதுதான் பெரிய தலைவலி. அவசரப்பட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகும், சொல்லாமலே விட்டால் நிறுவனம் தூங்கிவிடும். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, அடைப்பதற்கு வழக்கமாக 90 நாள் கெடு கொடுக்கிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்களிலும் இதற்கென்று தனிக் குழுக்கள் உண்டு. நிரல் தெரிந்தால் மட்டும் போதாது, தெளிவாக எழுதவும் வர வேண்டும்.

உங்கள் மகள் ஆசிரியருக்கு எழுதியதைப் படித்தேன். எந்தப் பக்கம், எந்த எண், என்ன வந்தது, எப்படி அடைக்கலாம் என்று வரிசையாக இருக்கிறது. கணினியைப் பிடுங்குவதற்கு முன் நீங்களும் ஒரு தடவை படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வாருங்கள். தம்பி வர வேண்டாம்.